தமிழ் இலக்கணத்தை முதல்முறை படிப்பவர்களுக்கு: சொல்வகையில் தொடங்கி ஒற்று வரை

தமிழில் சரளமாகப் பேசுவீர்கள், நாவல்கூட வாசிப்பீர்கள். ஆனால் ஒரு பக்கம் எழுதி, இலக்கணம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டினால் தாள் முழுக்கத் திருத்தங்களோடு திரும்பி வரும். இங்கே 'ப்' வேண்டும், அங்கே 'த்' வேண்டாம், இது 'வந்தது' அல்ல 'வந்தன' என்பார்கள். இந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நேராக 'வல்லினம் மிகும் இடங்கள்' பட்டியலைத் தேடி எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். இரண்டாம் வாரத்தில் எல்லாம் குழம்பிப்போய் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் நினைவாற்றல் குறைவு அல்ல. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் பெயரெச்சம், வினைத்தொகை, வன்தொடர்க் குற்றியலுகரம் என்று சொல்வகையின் பெயரை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. கண் முன்னால் இருக்கும் சொல் எந்த வகை என்று தெரியாதவருக்கு விதி தெரிந்தும் பயனில்லை. ஆகவே சொல்வகையை முதலில் வையுங்கள். ஒற்று, அதாவது இரண்டு சொற்களுக்கு நடுவே கூடுதலாக வரும் (மிகும்) 'ப்', 'த்' போன்ற வல்லின மெய், கடைசியில் வரட்டும். ஆங்கில வழியில் படித்துவிட்டு வேலைக்காகத் தமிழில் எழுத வேண்டியவர்கள், பள்ளியில் தமிழை எடுக்காதவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

தொடங்கும் முன்: என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாள்

முதல் தேவை தமிழ்நாடு அரசின் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளின் தமிழ்ப் பாடநூல்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. 2018இல் தொடங்கி வந்த பாடத்திட்டப் புத்தகங்களில் இலக்கணம் 'கற்கண்டு' என்ற தலைப்பில் தனியாக இருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். முழுப் புத்தகத்தையும் அச்செடுப்பது வீண் செலவு.

எல்லாப் பாடமும் உடனே தேவையில்லை. ஆறாம் வகுப்பில் முதலெழுத்து, சார்பெழுத்து, நால்வகைச் சொற்கள், பெயர்ச்சொல். ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம், பகுபதம், தொழிற்பெயர். எட்டாம் வகுப்பில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை. ஒன்பதாம் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள், இடைச்சொல், உரிச்சொல். பத்தாம் வகுப்பில் திணை, பால், இடம் பற்றிய 'பொது'. யாப்பு, அணி, அகம், புறம் ஆகியவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். அவை அருமையான பகுதிகள்தான். ஆனால் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத அவை உதவாது.

நன்னூல் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் 462 நூற்பாக்கள் இருக்கின்றன. உரையோடு படித்தாலும், அடிப்படை தெரியாமல் அதில் இறங்கினால் முதல் இருபது நூற்பாவிலேயே மூச்சு முட்டும். பாடநூலை முடித்த பிறகு வாங்குங்கள். அப்போதுதான் அதன் சுருக்கமும் கட்டுக்கோப்பும் புரியும்.

இரண்டாவது தேவை ஓர் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அகராதிகளும் இலக்கணப் பாடங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. மூன்றாவது, கோடு போட்ட ஒரு நோட்டு. செலவு இவ்வளவுதான். 'முப்பதே நாளில் இலக்கணம்' என்று விற்கும் குறிப்பேடுகளுக்குப் பணம் கொடுக்கும் முன் பாடநூலை முடித்துவிடுங்கள். பெரும்பாலும் அதே செய்திதான் அவற்றில் சுருக்கமாக இருக்கும், எடுத்துக்காட்டுகள் குறைவாக இருக்கும்.

நேரக் கணக்கு: நாளுக்கு 40 நிமிடம், மொத்தம் எட்டு வாரம். எழுத்துக்கு ஒரு வாரம், நால்வகைச் சொல்லுக்கு இரண்டு, வேற்றுமைக்கு ஒன்று, வினைக்கு ஒன்று, எழுவாய், பயனிலை இயைபுக்கு ஒன்று, ஒற்றுக்கு இரண்டு. ஞாயிறு ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 40 நிமிடம் உட்காருவது நல்லது. அன்று படித்த விதியை அன்றே செய்தித்தாளில் தேடிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.

படி 1: எழுத்தில் மூன்று செய்திகள் மட்டும்

247 எழுத்துகளின் வகை தொகை எல்லாவற்றையும் இப்போது படிக்க வேண்டாம். பின்னால் வரும் விதிகளுக்கு மூன்று செய்திகள் போதும்.

ஒன்று, வல்லினம் க, ச, ட, த, ப, ற. இவற்றில் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. அதனால் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒற்று மிகுமா என்ற கேள்வி அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது மட்டும்தான் எழும். அடுத்த சொல் ம, ந, வ, அ என்று எதில் தொடங்கினாலும் யோசிக்கவே தேவையில்லை. ஜ, ஸ, ஹ போன்ற எழுத்துகளில் தொடங்கினாலும் மிகாது.

இரண்டு, ட், ற் என்ற இரு மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. 'முயற்ச்சி', 'அதற்க்கு', 'காட்ச்சி', 'கட்ச்சி' எல்லாம் பிழை. முயற்சி, அதற்கு, காட்சி, கட்சி என்றே எழுத வேண்டும். ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பின்னால் மெய் வரலாம்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்த்து. இந்த ஒரு விதியை ஒருநாள் உட்கார்ந்து பழகினால், கைப்பேசியில் தட்டச்சு செய்பவர்களின் எழுத்துப்பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல்லின் நடுவில் 'ந்' வந்தால் அதை அடுத்துத் 'த' வரும் (பந்து, சொந்தம்), 'ன்' அடுத்து 'ற' வரும் (கன்று), 'ண்' அடுத்து 'ட' வரும் (வண்டு).

மூன்று, குற்றியலுகரம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சொல்லின் கடைசி எழுத்து கு, சு, டு, து, று, பு ஆறில் ஒன்றா என்று பாருங்கள். ஆம் என்றால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அது வல்லின மெய் என்றால் வன்தொடர்: பாட்டு, பத்து, கேட்டு. மெல்லின மெய் என்றால் மென்தொடர்: பாம்பு, வந்து. இடையின மெய் என்றால் இடைத்தொடர்: மார்பு, செய்து. தனி நெடில் என்றால் நெடில்தொடர்: காசு, ஆறு. உயிர்மெய் என்றால் உயிர்த்தொடர்: கயிறு, அரசு. ஆய்தம் என்றால் ஆய்தத்தொடர்: எஃகு. பசு, அது, நடு போல ஒற்றைக் குறிலை அடுத்து வந்தால் அது குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரம். இந்த வகைப்பாடு தேர்வுக்கு மட்டுமானது என்று நினைத்துவிடாதீர்கள். 3ஆம் படியிலும் 6ஆம் படியிலும் இதுதான் கைகொடுக்கும்.

படி 2: நான்கு பெட்டிகள், மூன்று கேள்விகள்

தமிழில் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. 'பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல்' என்ற வரையறையை மனப்பாடம் செய்தால் தொடரில் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் இப்படிச் சோதியுங்கள்.

முதல் கேள்வி: 'ஐ' சேர்க்க முடிகிறதா? மரம், மரத்தை. அழகு, அழகை. நடிப்பு, நடிப்பை. சேர்ந்தால் அது பெயர். இரண்டாம் கேள்வி: நேற்று, இன்று, நாளை என்று காலம் மாற்றினால் சொல்லின் வடிவம் மாறுகிறதா? ஓடினான், ஓடுகிறான், ஓடுவான். மாறினால் வினை. மூன்றாம் கேள்வி: இரண்டும் இல்லை, ஆனால் தனியாக நிற்காமல் பெயரையோ வினையையோ ஒட்டிக்கொண்டுதான் பொருள் தருகிறதா? அப்படியானால் இடைச்சொல். ஐ, கு, உம், ஏ, ஓ, தான் எல்லாம் இந்தப் பெட்டியில் விழும்.

ஒரு தொடரை எடுத்துப் பிரிப்போம்: 'கடையில் வாங்கிய பழத்தை அக்கா தம்பிக்கும் கொடுத்தாள்.'

கடையில் = கடை + இல். பெயரும் இடைச்சொல்லும். வாங்கிய = வாங்கு + இ(ன்) + ய் + அ. வினை, ஆனால் முடியாமல் நிற்கும் வினை. பழத்தை = பழம் + அத்து + ஐ. பெயர், நடுவில் சாரியை (பெயரையும் உருபையும் இணைக்க வருவது), கடைசியில் வேற்றுமை உருபு (பெயர் தொடரில் என்ன வேலை செய்கிறது என்று காட்டும் இடைச்சொல், 3ஆம் படியில் வரும்). அக்கா, பெயர். தம்பிக்கும் = தம்பி + கு + உம். ஒரு பெயரோடு இரண்டு இடைச்சொற்கள். கொடுத்தாள் = கொடு + த் + த் + ஆள். முடிந்த வினை. ஆறு சொற்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே இல், ஐ, கு, உம் என்ற இடைச்சொற்கள் ஒளிந்திருக்கின்றன. அந்த 'உம்' இருப்பதால்தான் அக்கா வேறு யாருக்கோ முன்பே கொடுத்திருக்கிறாள் என்ற செய்தி கிடைக்கிறது. இடைச்சொல்லைச் சின்னச் சொல் என்று தள்ளிவிட்டால் தமிழ்த் தொடரின் பொருளில் பாதியைத் தள்ளிவிடுகிறீர்கள்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, ஒரே ஒலி பல பெட்டிகளில் விழுவது. 'கூரையில் ஓடு மாற்றினார்கள்' என்றால் ஓடு பெயர். 'வேகமாக ஓடு' என்றால் வினை. 'தம்பியோடு வந்தாள்' என்றால் அதே ஓடு இடைச்சொல். படி என்ற சொல்லையும் இப்படியே சோதித்துப் பாருங்கள்: மாடிப்படி, பாடம் படி, சொன்னபடி. ஆகவே சொல்லைத் தனியாக எடுத்து வகை சொல்லாதீர்கள். தொடருக்குள் வைத்தே சொல்லுங்கள்.

இரண்டாம் பொறி, வினைபோலத் தோன்றும் பெயர்கள். 'படித்தல்', 'வருகை' என்பவை தொழிற்பெயர்கள். காலம் காட்டாது, ஐ ஏற்கும். 'வந்தவர்' என்பது வினையாலணையும் பெயர். காலமும் காட்டும், 'வந்தவரை' என்று உருபும் ஏற்கும். காலம் காட்டுகிறதே என்று அதை வினைப் பெட்டியில் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஐ ஏற்றால் பெயர்தான். முதல் கேள்வியை முதலில் கேட்பது இதனால்தான்.

மூன்றாம் பொறி, உரிச்சொல். ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் 'நல்ல', 'பெரிய' போன்றவற்றை உரிச்சொல் என்று எழுதிவிடுகிறார்கள். மரபிலக்கணத்தில் அவை குறிப்புப் பெயரெச்சங்கள், அதாவது வினைப் பெட்டியைச் சேர்ந்தவை. உரிச்சொல் என்பது சால, உறு, தவ, நனி, கூர், கழி போன்றவை, பெரும்பாலும் செய்யுளில் வருபவை. தற்கால மொழியியல் நூல்களில் பெயரடை, வினையடை என்ற வேறு பெயர்களைக் காண்பீர்கள். அதுவும் சரியான முறைதான். ஆனால் தேர்வில் ஒரு முறையின் கேள்விக்கு இன்னொரு முறையின் பெயரை எழுதினால் மதிப்பெண் போகும். பாடநூலின் முறையையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிக்கான பயிற்சி: தினமும் செய்தித்தாளில் ஐந்து வரி. ஒவ்வொரு சொல்லின் மேலும் பெ, வி, இ என்று பென்சிலில் குறியுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

படி 3: வேற்றுமை, பெயரின் உடல் மாறும் இடம்

வேற்றுமை எட்டு. முதலாவதான எழுவாய்க்கும் எட்டாவதான விளிக்கும் உருபு இல்லை. நடுவில் உள்ள ஆறும்தான் வேலை வாங்கும்: ஐ (பழத்தை), ஆல் மற்றும் ஓடு (கத்தியால், தம்பியோடு), கு (ஊருக்கு), இன் மற்றும் இல் (மலையின் வீழ் அருவி), அது மற்றும் உடைய (எனது, அண்ணனுடைய), கண் மற்றும் இல் (வீட்டில்). ஐந்துக்கும் ஏழுக்கும் 'இல்' பொது. நீங்குதல் பொருள் என்றால் ஐந்து, இடப்பொருள் என்றால் ஏழு. இன்றைய எழுத்தில் நீங்குதலுக்கு 'இருந்து' சேர்த்து 'வீட்டிலிருந்து' என்று எழுதுகிறோம். அதனால் குழப்பம் குறைவு.

உருபைவிட அதிகம் பிழை நடப்பது உருபு சேரும்போது பெயர் எடுக்கும் வடிவத்தில்தான். 'ம்' இல் முடியும் பெயர் அத்துச் சாரியை பெறும்: மரத்தை, படத்தில். நெடில்தொடரிலும் உயிர்த்தொடரிலும் டு, று வந்தால் ஒற்று இரட்டிக்கும்: வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், கயிறு, கயிற்றை, கிணறு, கிணற்றில். 'கயிறை', 'கிணறில்' என்று எழுதுவது இந்த இடத்தில் நடக்கும் பிழை. மென்தொடரில் இரட்டிக்காது: பந்து, பந்தை. காசு என்பது குற்றியலுகரம், அதனால் உகரம் கெட்டுக் காசை. பசு முற்றியலுகரம், அதனால் இடையில் 'வ்' வந்து பசுவை. முதல் படியில் படித்த வகைப்பாட்டுக்கு வேலை வந்துவிட்டது பாருங்கள்.

உருபு மறைந்தும் வரும். 'தமிழ் படித்தான்' என்பதில் 'ஐ' மறைந்திருக்கிறது; 'தமிழைப் படித்தான்' என்பதில் வெளிப்பட்டிருக்கிறது. ஐ வெளிப்பட்டதும் 'ப்' வந்துவிட்டது, மறைந்திருந்தபோது வரவில்லை. இதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வையுங்கள்.

படி 4: வினை முடிந்ததா, முடியாமல் நிற்கிறதா

வினையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 'வந்தாள்' என்றால் முடிந்தது, அது வினைமுற்று. 'வந்த' என்றால் அடுத்து ஒரு பெயர் வேண்டும்: வந்த பெண், வந்த நாள். அது பெயரெச்சம். 'வந்து' என்றால் அடுத்து ஒரு வினை வேண்டும்: வந்து நின்றாள். அது வினையெச்சம். வராத, வருகிற என்பவை பெயரெச்சம். வர, வந்தால், வராமல் என்பவை வினையெச்சம். 'செய்யும்' என்ற வடிவம் மட்டும் இரண்டு வேடம் போடும். 'மாடு மேயும்' என்றால் முற்று, 'மேயும் மாடு' என்றால் பெயரெச்சம். எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு முற்றைப் பிரித்துப் பழகுங்கள். முதலில் பகுதி, கடைசியில் விகுதி, நடுவில் காலம் காட்டும் இடைநிலை. த், ட், ற், இன் என்றால் இறந்தகாலம். கிறு, கின்று என்றால் நிகழ்காலம். ப், வ் என்றால் எதிர்காலம். வந்தான் = வா + த் + த் + ஆன்; இதில் முதல் 'த்' சந்தி, அதாவது பகுதியையும் இடைநிலையையும் இணைப்பது. 'வா' என்பது 'வ' எனக் குறுகி, அந்தச் சந்தித் தகரம் 'ந்' ஆனது விகாரம், அதாவது வடிவ மாற்றம். தினமும் ஐந்து வினைகளைப் பிரித்தால் போதும்.

ஒரு வினை 'படிந்தது' என்று வருமா, 'படித்தது' என்று வருமா என்ற ஐயம் வந்தால் பேரகராதியைத் திறங்கள். வினைச்சொற்களை அது படி-தல், படி-த்தல் என்று தனித்தனியாகக் கொடுக்கும். '-தல்' என்றால் படிந்தது, படிகிறது: தூசி படிவது. '-த்தல்' என்றால் படித்தது, படிக்கிறது: பாடம் படிப்பது. சேர்-தல், சேர்-த்தல், வளர்-தல், வளர்-த்தல் எல்லாம் இப்படித்தான். 'மகனைப் பள்ளியில் சேர்ந்தார்கள்' என்ற வகைப் பிழைக்கு மருந்து அகராதியின் இந்த ஒரு சிறு கோட்டில் இருக்கிறது. மகன் பள்ளியில் சேர்ந்தான், பெற்றோர் அவனைச் சேர்த்தார்கள்.

படி 5: எழுவாயும் பயனிலையும் கைகோத்துப் போக வேண்டும்

யார் செய்தார் என்பது வினையின் விகுதியில் தெரிய வேண்டும். நான் வந்தேன், நாம் வந்தோம், நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள், அது வந்தது, அவை வந்தன.

கடைசி இணைதான் வில்லங்கமானது. பேச்சில் 'மாடுங்க மேஞ்சுது' என்று சொல்லி நம் காது பழகியிருப்பதால் 'மாடுகள் மேய்ந்தது' என்று எழுதிவிடுகிறோம். மாடுகள் மேய்ந்தன, பேருந்துகள் நின்றன, விலைகள் உயர்ந்தன என்பவையே சரி. நிகழ்காலத்தில் 'கின்று' வரும்: மேய்கின்றன. எதிர்காலத்தில் கவலையில்லை, மாடு மேயும், மாடுகள் மேயும், இரண்டும் ஒன்றுதான். எழுதி முடித்ததும் 'கள்' என்ற எழுத்துகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் வினையையும் மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

'ஒவ்வொரு மாணவர்களும்' என்பது பிழை. 'ஒவ்வொரு' ஒருமையைத்தான் ஏற்கும், ஆகவே 'ஒவ்வொரு மாணவரும்'. உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு: ஓர் ஊர், ஒரு வீடு. மறுக்கும்போது அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்பது மரபு. இன்றைய உரைநடையில் எல்லாவற்றுக்கும் 'அல்ல' எழுதுகிறார்கள். தேர்வில் மரபைப் பின்பற்றுங்கள்.

படி 6: இப்போது ஒற்று

இதுவரை வந்தவர்களுக்குப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். அடுத்த சொல் க, ச, த, ப வில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, முதல் சொல்லின் வகையை மட்டும் கேளுங்கள்.

ஐ, கு உருபுகள் வெளிப்பட்டிருந்தால் மிகும்: பழத்தைக் கொடு, ஊருக்குப் போ. ஓடு, உடைய, அது உருபுகள் என்றால் மிகாது: தம்பியோடு போ, என்னுடைய சட்டை, எனது கடை.

பெயரெச்சம் என்றால் மிகாது: வந்த பையன், நல்ல குணம், சிறப்பான பாடல். அந்த, இந்த, எந்த என்றால் மிகும்: அந்தப் பையன். 'வந்தப் பையன்' என்ற பிழை எங்கும் கண்ணில் படுவதற்குக் காரணம் 'அந்த', 'வந்த' இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிப்பதுதான். வகை தெரிந்தால் இந்தப் பிழை வரவே வராது. அந்த என்பது சுட்டு, வந்த என்பது வினை. எதிர்மறையில் 'ஓடாத குதிரை' மிகாது. கடைசி எழுத்து கெட்டு 'ஓடா' என்று நின்றால் மட்டும் 'ஓடாக் குதிரை'.

வினையெச்சம் என்றால் ஈற்றைப் பாருங்கள். இ, அ, ய் என்று முடிந்தால் மிகும்: ஓடிப் போனான், வரச் சொன்னாள், போய்ப் பார். 'உ'வில் முடிந்தால் குற்றியலுகர வகையைப் பாருங்கள். வன்தொடர் மிகும்: கேட்டுக் கொடுத்தாள், படித்துப் பார். மென்தொடர், இடைத்தொடர் மிகாது: வந்து பார், செய்து கொடு. 'என்று சொன்னான்' மிகாது, 'எனச் சொன்னான்' மிகும் என்பதற்கும் இதே காரணம்தான். 'ஆக' மிகும், 'ஆன' மிகாது: நன்றாகப் பாடினான், அழகான பாட்டு.

எண்ணுப்பெயரிலும் வன்தொடர் விதியே: எட்டுக் கடைகள், பத்துப் பேர். ஐந்து கடைகள், ஆறு பேர் என்பவற்றில் மிகாது.

எழுவாய்த் தொடர் மிகாது: கிளி பேசியது. அது, எத்தனை, பல, சில என்பவற்றின் பின்னும் மிகாது: எத்தனை பழங்கள், பல கடைகள். இரண்டு பெயர்களுக்கு நடுவே 'உம்' மறைந்திருந்தால் மிகாது: தாய் தந்தை, வெற்றிலை பாக்கு. முதல் சொல் வினையின் பகுதியாக நின்று மூன்று காலத்துக்கும் பொருந்தினால் வினைத்தொகை, மிகாது: சுடுசோறு, ஊறுகாய். முதல் சொல் பண்பாகவோ சிறப்புப் பெயராகவோ இருந்தால் மிகும்: பச்சைக்கிளி, மல்லிகைப்பூ.

ஒற்றை எப்போதும் முதல் சொல்லோடு ஒட்டித் தட்டச்சு செய்யுங்கள், இடைவெளி அதற்குப் பிறகுதான். 'கள்' விகுதியில் எழுத்துகள், எழுத்துக்கள் என இரண்டு வழக்கும் அச்சில் உண்டு. பாடநூல் 'எழுத்துகள்', 'கருத்துகள்' என்று எழுதுகிறது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஒரே கட்டுரைக்குள் மாற்றாமல் எழுதுங்கள்.

படி 7: சோதித்துப் பார்ப்பது

வாரம் ஒருமுறை பாடநூலின் உரைநடையில் நூறு சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை, சொற்களுக்கு நடுவே உள்ள ஒற்றுகளை எல்லாம் நீக்கி நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதில் ஒற்றுப் போட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விதியை எழுத வேண்டாம், முதல் சொல்லின் வகையை எழுதுங்கள். நான்கைந்து வாரத்தில் உங்கள் பிழைகள் இரண்டு மூன்று வகைகளிலேயே குவிவது தெரியும். அந்த வகைகளின் பாடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுபவர்கள் எட்டு வாரத்தை முடித்துவிட்டு முந்தைய ஆண்டு வினாத்தாள்களுக்குப் போங்கள். தமிழ்ப் பகுதியில் 100 வினாக்கள் இருக்கும். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியை மதிப்பிடவே மாட்டார்கள். பிரித்து எழுதுக, வேர்ச்சொல், வினைமுற்றைக் கண்டறிக போன்ற வினாக்களுக்கு 2, 4 ஆகிய படிகளின் நோட்டுப் பக்கங்களே போதுமான பயிற்சி.

சந்திப்பிழை பார்க்க நாவி, சொற்பிழை பார்க்க வாணி என்று இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. நீங்களே திருத்தி முடித்த பிறகு கடைசியில் ஒருமுறை அவற்றில் போட்டுப் பாருங்கள். கருவி பிழை காட்டும் இடத்தில் ஏன் என்று காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். கருவிக்குப் பொருள் தெரியாது. 'வேலை கொடு' என்றால் பணி கொடுப்பது. 'வேலைக் கொடு' என்றால் கையில் இருக்கும் வேலாயுதத்தைக் கொடுப்பது. எழுத்து அளவில் இரண்டும் பிழையில்லாத தமிழ். முதலாவதில் 'வேலை' ஒரே பெயர், ஐ மறைந்திருக்கிறது. இரண்டாவதில் வேல் + ஐ, உருபு வெளியே நிற்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்தான்.